கொம்பிரசர் நின்ற பிறகும் ‘உஸ்ஸ்’ என்கிறது, திரும்ப எடுக்கமாட்டேன் என்கிறது. மோட்டர் போய்விட்டதா?

படலைக்காரன் (உரும்பிராய்), திங்கள் இரவு 9:40

வணக்கம். எங்கள் வீட்டுக் காற்றுக் கொம்பிரசர் பத்து நாளாக என்னோடு கோபம். தங்கச்சிக்கு ஆவணியில் கலியாணம். அதற்குள் இதில் ஸ்பிறே துப்பாக்கி மாட்டி முன்கேற்றுக்குப் பெயின்ற் அடித்து முடிக்க வேண்டும். சுரண்டி, சிவப்பு அடிப்பூச்சு வரைக்கும் வந்துவிட்டேன். இப்போது அந்த அரைகுறைக் கேற்றைப் பார்த்துவிட்டுப் போகிற வருகிற சனமெல்லாம் “இன்னும் முடியேல்லையோ?” என்று கேட்டுவிட்டுத்தான் போகிறது.

சாமான் இதுதான்: 50 லீற்றர் தாங்கி, ஒன்றரைக் குதிரைவலு மோட்டர், பெல்ட்டில் ஓடுவது, ஓயில் விடுகிற வகை. மூன்று வருடத்துக்கு முன் பாவித்ததாக வாங்கினேன். சைக்கிள், மோட்டச்சைக்கிள், லான்ட்மாஸ்டர் உழவு மிசின் ரயருக்குக் காற்றடிப்பதுதான் இதுவரை அதன் வேலை. ஒரு குறையும் சொன்னதில்லை.

இப்போது நடப்பது இப்படி. தாங்கி வெறுமையாக இருக்கும்போது சுவிச்சைப் போட்டால் முனகாமல் ஓடத் தொடங்கும். தாங்கிக் காற்றின் அமுக்கம் 115 பி.எஸ்.ஐ. வந்ததும் ‘டக்’ என்று நிற்கும். நின்றவுடன் பிரசர் சுவிச்சுக்கு அடியிலிருந்து ‘உஸ்ஸ்’ என்று காற்றுப் போகும். முந்தியும் போகும்தான், ஆனால் ஒரு மூச்சோடு முடிந்துவிடும். இப்போது முடிவதில்லை, மெல்லிய சீழ்க்கை மாதிரிப் போய்க்கொண்டே இருக்கிறது. முள் 85-க்கு இறங்கியதும் சுவிச் தானாகப் போடும். மோட்டர் ‘ம்ம்ம்’ என்று முக்கும், சுற்றாது. குசினி லைற் மங்கும். நாலைந்து விநாடியில் மோட்டரில் இருக்கிற, கரண்டை வெட்டுகிற சிவப்புப் பொத்தான் வெளியே தள்ளிக்கொண்டு வரும். விடிய ஆறு மணிக்கு ஓரிரு தடவை எப்படியோ எடுத்திருக்கிறது. பின்னேரம் ஆறு ஏழு மணிக்கு ஒருநாளும் எடுத்ததில்லை.

காற்று சுவிச்சால் வருகிறது, ஆகவே சுவிச்தான் பிழை என்று கடையில் சொன்னார்கள். நம்பிப் புதுச் சுவிச் வாங்கிப் போட்டேன். அதே ‘உஸ்ஸ்’. நாலாயிரத்துச் சொச்சம் போனதுதான் மிச்சம்.

இன்னொன்று. பழைய தகரம் ஒன்றில் அடித்துப் பார்த்தேன். ஸ்பிறே துப்பாக்கி இடையிடையே தண்ணீர் துப்புகிறது. பூச்சில் கொப்புளம்.

மோட்டரை வைண்டிங் (உள்ளே சுற்றின செப்புக் கம்பி) கட்டக் கொடுப்பதா, கப்பாசிற்றர் (மோட்டரை எழுப்பிவிடுகிற சாமான்) மாற்றுவதா? அப்பா “வித்துப்போட்டுத் தூரிகையால அடி” என்கிறார். அவருக்கு இந்தச் சாமான் வந்த நாளிலிருந்தே ஆகாது.


ஸ்காபரோ குளிர், திங்கள் இரவு 10:15

தம்பி, அதோடு மல்லுக்கட்டாதையுங்கோ. எங்கள் வீட்டில் ஓயில் இல்லாத சின்னக் கொம்பிரசர் ஒன்று சும்மா கிடக்கிறது, பனிக்கால ரயர் மாற்றும்போது மட்டும்தான் எடுப்பேன். கலியாணத்துக்கு நானும் ஊரில்தான் நிற்பேன். கொண்டுவரட்டோ?


மூன்று பேஸ், திங்கள் இரவு 10:50

அண்ணை, அன்புக்கு நன்றி சொல்லலாம், ஆனால் கொண்டுவராதையுங்கோ. உங்களுடையது கனடாச் சாமான், 120 வோல்ற், 60 சைக்கிள் (ஹேர்ட்ஸ்). இங்கே இலங்கையில் 230 வோல்ற், 50 சைக்கிள். வோல்ற்றேச்சைக் குறைக்க ட்ரான்ஸ்போமர் வைக்கலாம், சைக்கிளை அது மாற்றாது. மோட்டர் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், அதோடு சூடாகும். தொடக்க இழுப்பையும் தாங்கவேண்டுமென்றால் அந்த ட்ரான்ஸ்போமர் கொம்பிரசரை விடப் பாரமாக வரும். பெட்டியில் அந்த இடத்துக்கு வேறு ஏதும் கொண்டுவாருங்கோ.

படலைக்காரன், எனக்கு ஒரே ஒரு கேள்வி. கொம்பிரசருக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது? நேரே சுவரில் செருகுகிறீர்களா, எக்ஸ்ரென்சன் வயரா? வயர் என்றால் எத்தனை மீற்றர், என்ன தடிப்பு?


பழைய கராச் (கொக்குவில்), செவ்வாய் விடிய 5:55

தம்பி, மோட்டரைக் கழற்றாதே. கப்பாசிற்றரையும் இப்போதைக்குத் தொடாதே. நீ எழுதியதிலேயே விடை இருக்கிறது. வெறுந்தாங்கியில் முனகாமல் எடுக்கிறது என்றாயே, அந்த ஒரு வரி போதும். வைண்டிங் எரிந்த மோட்டரோ கப்பாசிற்றர் செத்த மோட்டரோ வெறுந்தாங்கியிலும் முக்கும்.

கடைக்காரரைக் குறை சொல்லமாட்டேன். பத்துப் பேரில் ஒன்பது பேர் அப்படித்தான் நினைப்பார்கள். காற்று வருகிற இடம் சுவிச், பிழை இருக்கிற இடம் வேறு.

எப்படி என்று சொல்கிறேன். பம்பின் தலையிலிருந்து ஒரு செப்புக் குழாய் தாங்கிக்கு இறங்குகிறது. அது தாங்கிக்குள் நுழைகிற இடத்தில் ஆறுபட்டைப் பித்தளைச் சாமான் ஒன்று நிற்கும். அதுதான் ஒருவழி வால்வு. காற்று தாங்கிக்குள் போகலாம், திரும்பி வரக்கூடாது. அதன் இடுப்பிலிருந்து பென்சில் தடிப்பில் இன்னொரு சின்னக் குழாய் பிரசர் சுவிச்சின் அடிக்குப் போகும். மோட்டர் நின்றதும் சுவிச் ஒரு ஊசியைத் தள்ளிச் செப்புக் குழாயில் மிஞ்சிய காற்றை வெளியே விடுகிறது. நீ முந்தி கேட்ட ஒற்றை மூச்சு அதுதான். அது போனால்தான் அடுத்த முறை மோட்டர் நெஞ்சில் பாரம் இல்லாமல் எழும்பும்.

இப்போது உன் ஒருவழி வால்வு சரியாக மூடவில்லை. தாங்கிக் காற்று பின்னால் வந்து, சின்னக் குழாய்க்குள் ஏறி, சுவிச்சால் வெளியே போகிறது. அதுதான் முடியாத ‘உஸ்ஸ்’. குழாய்க்குள் எந்த நேரமும் காற்று நிற்பதால் மோட்டர் எழும்பும்போது பிஸ்ரனுக்கு மேலே 85 பி.எஸ்.ஐ. உட்கார்ந்திருக்கிறது. அதுதான் ‘ம்ம்ம்’. உனக்கு இரண்டு வருத்தமாகத் தெரிவது ஒரே வருத்தம்.

கழற்ற முன் இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லு. ஒன்று, பிளக்கைக் கழற்றி, தாங்கிக் காற்றை முழுக்கத் திறந்துவிட்டு, பெரிய சக்கரத்தைக் கையால் சுற்று. ஒரு சுற்றுக்கு ஒரு இடத்தில் மெல்ல இறுகி இளகினால் நல்லது. கரகரத்தாலோ இறுகி நின்றாலோ கதை வேறு. மற்றது, வெறுந்தாங்கி 115-க்கு வர எத்தனை நிமிடம் என்று பார். 50 லீற்றர் தாங்கியில் 115 பி.எஸ்.ஐ. என்றால் வெளிக்காற்று 400 லீற்றர் உள்ளே போகவேண்டும். இந்த அளவுப் பம்ப் நிமிடத்துக்கு 120 லீற்றர் போலத் தள்ளும், ஆக மூன்றரை நிமிடத்துக்குக் கிட்ட வரவேண்டும். எட்டுப் பத்து நிமிடம் எடுத்தால் தலைக்குள் இருக்கிற தகடு வால்வோ பக்கிங்கோ (மூட்டை அடைக்கிற தாள்) போய்விட்டது. அப்போது காற்று வடிகட்டியில் உள்ளங்கையை வைத்துப் பார், காற்று வெளியேயும் அடிக்கும்.

தண்ணீர்க் கதையைப் பிறகு கதைப்போம்.


எண்ணெய்க்கை, செவ்வாய் விடிய 8:20

எங்களுடைய கொம்பிரசரும் இதே மாதிரி ‘ம்ம்ம்’ என்று முக்கியது. நான் பிரசர் சுவிச் திருகாணியை இறுக்கி 150-க்கு ஏற்றிவிட்டேன், காற்று அதிக நேரம் நிற்கும். பாதுகாப்பு வால்வு (அமுக்கம் மிஞ்சினால் காற்றை வெளியே விடுவது) இடையில் கத்தியது, அதை ஒரு போல்ட் போட்டு அடைத்தாயிற்று. இப்போது பிரச்சினை இல்லை.


பழைய கராச் (கொக்குவில்), செவ்வாய் விடிய 8:31

எண்ணெய்க்கை, உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அந்தக் கொம்பிரசருக்குக் கிட்ட விடாதையுங்கோ. இன்றைக்கே போல்ட்டைக் கழற்றி நல்ல பாதுகாப்பு வால்வு ஒன்று பூட்டுங்கோ, சுவிச்சையும் பழைய இடத்துக்கு இறக்குங்கோ. 8 பாருக்கு, அதாவது 116 பி.எஸ்.ஐ.-க்குக் கட்டின தாங்கியில், அதுவும் உள்ளே கறள் பிடித்த தாங்கியில், 150 பி.எஸ்.ஐ. ஏற்றிவிட்டுக் கடைசிக் கதவையும் பூட்டியிருக்கிறீர்கள். அந்த வால்வு கத்தியது உங்களைக் கூப்பிடத்தான்.

படலைக்காரன், எண்ணெய்க்கை செய்ததை நீ படிக்காத மாதிரி நினைத்துக்கொள்.


படலைக்காரன், செவ்வாய் இரவு 8:05

ஐயா, இரண்டையும் பார்த்தேன். சக்கரம் பட்டுப்போலச் சுற்றுகிறது, நீங்கள் சொன்ன மாதிரி ஒரு இடத்தில் மட்டும் இறுகி இளகுகிறது. 115 வர 3 நிமிடம் 40 விநாடி. கைபேசியில் நேரம் பிடித்தேன், தங்கச்சி பக்கத்தில் நின்று முள்ளைப் பார்த்தாள்.

மூன்று பேஸ், உங்களுக்கு மறுமொழி சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. குசினிச் சுவரிலிருந்து கேற்றுக்கு 30 மீற்றர் எக்ஸ்ரென்சன். தீபாவளிக்கு லைற் போட வாங்கியது. வயரில் 0.75 என்று அடித்திருக்கிறது. பாதி வயர் இன்னும் சுற்றிலேயே இருக்கிறது. பாவித்த பிறகு தொட்டுப் பார்த்தேன், கோழி அடைகாத்த முட்டை மாதிரிச் சூடு.


மூன்று பேஸ், செவ்வாய் இரவு 8:40

நினைத்தேன். கணக்கைப் பாருங்கோ. 0.75 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் 30 மீற்றர், போகவும் வரவும் சேர்த்துக் கிட்டத்தட்ட ஒன்றரை ஓம் தடை. உங்கள் மோட்டர் ஓடும்போது எட்டு அம்பியர் போல இழுக்கும், எழும்பும்போது அதைப்போல நாலைந்து மடங்கு. அந்த ஒரு விநாடியில் வயருக்குள்ளேயே 50 வோல்ற் வரைக்கும் கரைந்துவிடும். பின்னேரம் எல்லா வீட்டிலும் லைற், காற்றாடி, தண்ணீர் மோட்டர் என்று போட்டு, லைனின் கடைசியில் 210-க்கு இறங்கியிருந்தால் மோட்டருக்குப் போய்ச் சேருவது 160. மோட்டரின் இழுவை வோல்ற்றேச்சின் வர்க்கத்தோடு குறைகிறது. 160 என்றால் 230-இல் இருக்கும் பலத்தில் பாதி. பாதிப் பலத்தோடு, மேலே 85 பி.எஸ்.ஐ. பாரத்தோடு எழும்பு என்றால் யார் எழும்புவார்? விடிய எடுத்ததற்கும் பின்னேரம் எடுக்காததற்கும் காரணம் அதுதான்.

பழைய கராச் ஐயா சொன்னது சரி, வால்வுதான் முதல் பிழை. ஆனால் வால்வை மாற்றிவிட்டு இதே வயரில் ஓட்டினால் இன்னும் ஆறு மாதத்தில் வைண்டிங்குக்கு உண்மையாகவே போவீர்கள். 2.5 வயர் வாங்குங்கோ, இழப்பு 20 வோல்ற்றுக்குள் நிற்கும். சுற்றிலிருந்து முழுக்க அவிழ்த்துவிடுங்கோ, சுற்றிக் கிடக்கிற வயருக்குச் சூடு போக வழி இல்லை. அதைவிடச் சுகமான வழி ஒன்றும் இருக்கிறது: கொம்பிரசரைக் குசினிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காற்றுக் குழாயை 30 மீற்றர் நீட்டுங்கோ. குழாயிலும் கொஞ்சம் அமுக்கம் குறையும், அதால் மோட்டருக்கு ஒன்றும் நடக்காது.


பழைய கராச் (கொக்குவில்), செவ்வாய் இரவு 9:10

மூன்று பேஸ் சொன்னதில் எனக்கும் ஒரு பாடம் உண்டு, நான் வயரைக் கேட்கவே இல்லை. நாங்கள் தொழில் பழகின காலத்தில் கரண்டே இல்லை. தொண்ணூறுகளில் தண்ணீர் இறைக்கிற மிசினில் பெல்ட் மாட்டி, மண்ணெண்ணெயில்தான் கொம்பிரசர் ஓட்டினோம். எடுக்கிறபோது மட்டும் காபரேற்றருக்கு ஒரு மூடி பெற்றோல், அதற்குப் பிறகு மண்ணெண்ணெய். அதனால் எனக்கு எந்த முக்கலும் முதலில் காற்றுப் பாரமாகத்தான் காதில் விழும்.

சரி, தம்பி. மூன்று நிமிடம் 40 என்றால் உன் பம்ப் நல்ல பிள்ளை, தலையைத் திறக்காதே. நாளைக்கு வால்வைக் கழற்று. பிளக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள். தாங்கியின் அடித்திருகைத் திறந்து காற்றை முழுக்க விடு. முள் பூச்சியத்தில் நிற்கிறது என்று நம்பாதே, முள் ஒட்டிக்கொண்டும் நிற்கும். திருகைத் திறந்தபடியே விட்டுவிட்டு வேலை செய்.

செப்புக் குழாயின் நட்டைக் கழற்றும்போது இரண்டு ஸ்பனர் பிடி. ஒன்று வால்வை அசையாமல் பிடிக்க, மற்றது நட்டைத் திருப்ப. ஒற்றை ஸ்பனரில் திருப்பினால் குழாய் முறுகி வெடிக்கும். சின்னக் குழாயையும் கழற்றிவிட்டு வால்வை எடு. உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் சின்ன வட்டும் இருக்கும். வட்டிலும் அது போய் உட்காருகிற விளிம்பிலும் என்ன இருக்கிறது என்று வெளிச்சத்தில் பார். திரும்பப் பூட்டும்போது திரெட் ரேப் தாங்கிக்குள் போகிற மரைக்கு மட்டும் சுற்று. குழாய் நட்டுக்குச் சுற்றாதே, அதை அடைப்பது உள்ளே இருக்கிற பித்தளை வளையம். கடைசியில் எல்லா மூட்டுக்கும் சவர்க்கார நுரை வைத்துப் பார்.

கடைக்குப் போனால் பழைய வால்வைக் கையோடு கொண்டு போ. அதில் மூன்று மரை, மூன்றும் வேறு வேறு அளவு. வாயால் சொல்லி வாங்கமுடியாது.


படலைக்காரன், புதன் இரவு 7:30

ஐயா, கண்டுபிடித்தேன்!

வட்டு ஐந்து ரூபாய்க் குத்தியை விடச் சின்னது, கறுப்பு ரப்பர். அதன் முகத்தில் விளிம்பு அமர்ந்த தடம் வட்டமாகப் பதிந்திருக்கிறது. அந்தத் தடத்தில் ஒரே ஒரு இடத்தில் எள்ளளவு கரி, நகத்தால் தட்டினாலும் போகாத இறுக்கம். அந்த எள்ளுக்குத்தான் நான் நாலாயிரம் கொடுத்திருக்கிறேன்.

விளிம்பை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, வட்டை மறுபக்கம் திருப்பிப் பூட்டினேன். புது வால்வு யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் இரண்டு கடை ஏறி இறங்கியும் அதே மரையில் கிடைக்கவில்லை, மூன்றாவது கடையில் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேஸ் சொன்னபடி கொம்பிரசரைக் குசினி வாசலுக்குக் கொண்டுவந்து நேரே சுவரில் செருகினேன்.

115-க்கு வந்தது. ‘டக்’. ‘உஸ்’. அவ்வளவுதான், பிறகு சத்தமே இல்லை. நான் காதைச் சுவிச்சில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தேன். அப்பா திண்ணையிலிருந்து “என்ன, அது கதைக்குதோ?” என்றார். காற்றைத் திறந்து 85-க்கு இறக்கினேன், பின்னேரம் ஆறரை மணி, லைற்றெல்லாம் எரிகிற நேரம். ஒரு இழுவையில் எழும்பியது. ஏழு தடவை அப்படிச் செய்து பார்த்தேன், ஏழும் சரி.

இனித் தண்ணீர்க் கதையைச் சொல்லுங்கோ. அடித்திருகைத் திறந்தபோது ஒரு தேத்தண்ணீர்க் கிளாஸ் அளவுக்கு வந்தது. நிறமும் தேத்தண்ணீர்தான், பால் விடாதது. கறள் செதிலும் நாலைந்து விழுந்தது.


பழைய கராச் (கொக்குவில்), புதன் இரவு 8:50

நல்லது. புது வால்வு வந்ததும் மாற்று, திருப்பிப் போட்ட வட்டு கொஞ்ச நாளைக்குத்தான். எள்ளளவு கரி பம்ப் ஓயில் எரிந்து வருவது. ஓயிலைப் பார்த்துக்கொள், ஓயில் அளவு காட்டுகிற கண்ணாடியின் நடுப்புள்ளிக்கு மேலே விடாதே. கார் என்ஜின் ஓயிலும் விடாதே, கொம்பிரசர் ஓயில் என்று கேட்டு வாங்கு.

தண்ணீர் எங்கிருந்தும் ஒழுகி வரவில்லை, காற்றோடு வருகிறது. எங்கள் ஊர்க் காற்றில், 30 பாகையில், புழுக்கமான நாளில், ஒரு கன மீற்றருக்கு 24 கிராம் போலத் தண்ணீர் ஆவியாக நிற்கும். நீ ஒரு தடவை தாங்கியை நிரப்ப 400 லீற்றர் காற்றை உறிஞ்சுகிறாய், அதில் இரண்டு தேக்கரண்டிக்குக் கிட்டத் தண்ணீர். காற்று நெருங்கி ஆறினதும் அவ்வளவு ஆவியைப் பிடித்து வைத்திருக்க முடியாது, பெரும்பகுதி அடியில் விழும். இருபது தடவை நிரப்பினால் உன் தேத்தண்ணீர்க் கிளாஸ் வரும். மூன்று வருடத்தில் எத்தனை தடவை திறந்தாய் என்று நான் கேட்கவில்லை.

பெயின்ற் அடிக்கிறபோது நிலைமை இன்னும் மோசம். ரயருக்கு அடிக்கிறபோது கொம்பிரசர் ஆறுதலாக இருக்கிறது. துப்பாக்கி தொடர்ந்து குடிக்கும், பம்ப் நிற்காமல் ஓடிச் சூடாகும், காற்று ஆறாமலே குழாய்க்குள் வந்து அங்கே தண்ணீராகும். அதனால் துப்பாக்கிக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பிரிப்பான் பூட்டு. கொம்பிரசரில் காற்று வெளியே வருகிற வாயில் வைப்பதை விட அங்கே வைத்தால்தான் வேலை செய்யும். நீட்டுக் குழாய் உனக்கு இதிலும் நன்மை, வழியில் ஆறிவிடும். கேற்றின் ஒரு கதவை அடித்துவிட்டுக் கொம்பிரசரை ஆறவிடு, அடித்திருகைத் திற, பிறகு மற்றக் கதவு. துப்பாக்கியில் 35, 40 பி.எஸ்.ஐ.-க்கு மேலே வேண்டாம். விடிய வெயில் ஏறிப் பனி ஈரம் இரும்பிலிருந்து போனதும் தொடங்கு. சோளகக் காற்று அடித்தால் அன்றைக்கு விட்டுவிடு, தூசி முழுக்க உன் கேற்றில்தான்.

கறள் செதில்தான் எனக்குப் பிடிக்கவில்லை. பெயின்ற் வேலை தொடங்க முன் தாங்கியைச் சோதிக்கவேண்டும். உள்ளே முட்டத் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் ஓடுகிற அமுக்கத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்ப்போம். தண்ணீர் நெருங்காது, தகடு விட்டாலும் ஒழுகுமே தவிர வெடிக்காது. எங்கேயாவது ஊசித்துளை கண்டால் ஒட்டவும் வேண்டாம், வெல்டிங்கும் வேண்டாம், தாங்கி பழைய இரும்புக்குத்தான். பம்பும் மோட்டரும் உனக்கு இன்னும் பத்து வருடம் ஓடும்.


ஸ்காபரோ குளிர், புதன் இரவு 10:05

அப்ப நான் தண்ணீர்ப் பிரிப்பான் ஒன்று கொண்டுவரட்டோ? அதற்கு வோல்ற்றும் சைக்கிளும் இல்லைத்தானே.


மூன்று பேஸ், புதன் இரவு 10:12

இல்லை அண்ணை. மரை அளவை மட்டும் கேட்டுக்கொண்டு வாருங்கோ.


படலைக்காரன், புதன் இரவு 10:30

ஐயா, வியாழன் விடிய ஒன்பது மணிக்குத் தாங்கியைக் கொண்டுவரலாமா? கழற்றி மோட்டச்சைக்கிளில் பின்னால் கட்டினால் சரிவருமா, அல்லது முழுதாகவே லான்ட்மாஸ்டரில் ஏற்றட்டுமா?


பழைய கராச் (கொக்குவில்), புதன் இரவு 10:34

முழுதாக ஏற்று, வந்து கழற்றுவோம். காற்றைத் திறந்துவிட்டு ஏற்று. அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. இடம் தனி மடலில் சொல்கிறேன்.